ரசமட்டம்

வெளியே கைப்பிடி இல்லாத கார்க் கதவை நான் முதன்முதலில் பார்த்தது 1974-ல். எனக்கு அப்போது பத்து வயது. ராயப்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில், வேப்பமர நிழல் பாதியும் வெயில் பாதியுமாக மேலே விழ, அந்த வண்டி வந்து நின்றது. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். பாலாடை நிறம். ‘பழைய ஆங்கில வெள்ளை’ என்று அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்த பெயரைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். முன்பக்கம் எட்டு மூலைப் பட்டயத்துக்குள் எம், ஜி என்று இரண்டு எழுத்துகள். கைப்பிடியைத் தேடிக் கதவு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஓட்டி வந்த டாக்டர் சிரித்துக்கொண்டே, கதவுக்கு மேலாகக் கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுத்தார். கதவு திறந்துகொண்டது.

அது எம்.ஜி.ஏ. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அபிங்டன் என்ற சின்ன ஊரில் செய்தது. 1955 முதல் 1962 வரை ஏழு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான வண்டிகள் அங்கிருந்து வெளியே வந்தன. பெரும்பாலானவை கப்பலேறி அயல்நாடுகளுக்கே போயின. டாக்டரிடம் இருந்தது 1957-ம் வருஷத்து வண்டி. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது என்று டாக்டர் சொன்னார். இரண்டே பேர் உட்காரலாம். ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. உட்காரும் இடத்தில் கால் வைக்கிற தளம் முழுக்க ஒட்டுப்பலகை. காருக்குள் மரத்தரையா என்று நான் அதிசயப்பட்டேன்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா அம்பாசடர் மெக்கானிக். தகரக் கொட்டகை, ஒரு குழி, இரண்டு ஜாக்கி, சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள். இவ்வளவுதான் எங்கள் ஒர்க்‌ஷாப். வருகிற வண்டிகளில் முக்கால்வாசி டாக்ஸி. அதனால் டாக்டருக்குத் தயக்கம் இருந்தது.

“மேஸ்திரி, இது இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். நீங்க அம்பாசடர் பாக்குறவர்னு சொன்னாங்க. பிரிச்சுட்டு சேக்க முடியாம போச்சுன்னா எனக்கு வேற வண்டி இல்ல.”

நைனா பதில் சொல்லாமல் பானெட்டைத் தூக்கினார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பக்கத்தில் பானெட் திறந்தபடி ஒரு டாக்ஸி நின்றது. டாக்டரைக் கையோடு அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

“இன்ஜினு நம்மளுதுதான் சார். ஒரு கார்புரேட்டர் கூட கீது. அவ்ளோதான்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வார்ப்பு. அதற்குள் ஓடியது பி சீரிஸ் என்று பேர் வைத்த 1489 சிசி இன்ஜின். இந்த எம்.ஜி.ஏ.வுக்குள் இருந்ததும் அதே 1489 சிசி பி சீரிஸ்தான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று மெட்ராஸில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தது. இன்னொன்று பந்தயத்துக்குப் போனது. கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த நைனா, பானெட்டைத் தூக்கிய மாத்திரத்தில் அந்த உறவைக் கண்டுகொண்டதை இன்று நினைத்தாலும் எனக்கு மார்பு விம்முகிறது.

டாக்டர் சொன்ன புகார் இதுதான்: காலையில் வண்டியை எடுத்ததும் இரண்டாவது கியர் விழ மறுக்கிறது, முரண்டு பிடிக்கிறது, ஐந்தாறு மைல் ஓடிச் சூடேறிய பிறகு சரியாகிவிடுகிறது. நைனா வண்டியை எடுத்து ஓட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“டேய், உன் கை சின்னது. உள்ள குந்து.”

எம்.ஜி.ஏ.வில் கியர் பாக்ஸ் எண்ணெயைப் பார்க்கக் குழிக்குள் இறங்க வேண்டாம். வண்டிக்குள்ளிருந்தே பார்க்கலாம். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக ஓடுகிற திட்டுக்கு அடியில்தான் கியர் பாக்ஸ் படுத்திருக்கும். கியர் கம்பிக்கு முன்னால் கம்பளத்தை விலக்கினால் ஒரு ரப்பர் மூடி. அதைப் பிடுங்கினால் ஓட்டை. ஓட்டைக்குள் விரலை விட்டால் அளவுக் கம்பியின் தலை தட்டுப்படும். டாஷ்போர்டுக்குக் கீழே நெருக்கமான இடம். நைனாவின் முறம் போன்ற கைக்கு அங்கே சங்கடம். என் கை வழுக்கிக்கொண்டு போனது.

ரப்பர் மூடி பல வருஷம் திறக்காமல் இறுகிப் போயிருந்தது. நகம் மடங்க நெம்பி எடுத்தேன். ஓட்டைக்குள்ளிருந்து அடுப்பங்கரையைப் போல வெப்பம் என் முகத்தில் அடித்தது. கம்பியை உருவி நைனாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீயே மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். அழுகின வெங்காயமும் தீக்குச்சி மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாடை மூக்கைக் குத்தியது. எண்ணெய் கம்பியிலிருந்து சொட்டாமல், வெல்லப்பாகைப் போல இழுபட்டுத் தொங்கியது.

“தொண்ணூறு ஊத்தியிருக்கானுங்க,” என்றார் நைனா.

தொண்ணூறு என்றால் கெட்டியான கியர் ஆயில். டாக்டர் அதற்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டிருந்தார். கியர் பாக்ஸ் என்றால் கியர் ஆயில்தானே என்று அங்கே ஊற்றிவிட்டார்கள். ஆனால் எம்.ஜி.ஏ. கியர் பாக்ஸுக்குக் கம்பெனி சொன்னது இன்ஜினில் ஊற்றும் அதே எண்ணெய்தான். நம் ஊர் வெயிலுக்கு முப்பதாம் நம்பர். இதற்குக் காரணம் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு உள்ளே மஞ்சள் உலோகத்தில் செய்த வளையங்கள் இருக்கின்றன. கியர் மாற்றும்போது வளையம் கூம்பின் மேல் உரசி, இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்கிய பிறகுதான் பற்கள் கடிக்கும். நடுவில் இருக்கிற எண்ணெய் சட்டென்று விலகினால்தான் அந்த உரசல் கிடைக்கும். காலைக் குளிரில் தொண்ணூறு விலகாது. வளையம் வழுக்கும், கியர் முரண்டும். அதோடு, தொண்ணூறில் கலந்திருக்கும் கந்தகச் சரக்கு சூட்டில் மஞ்சள் உலோகத்தை அரிக்கவும் செய்யும்.

பின் அச்சில் இருக்கிற பல்சக்கரங்களுக்கு அந்தக் கந்தகம் வேண்டும். அங்கே பல்லும் பல்லும் உருளுவதோடு நிற்காமல் அழுத்தி வழுக்குகின்றன. சாதா எண்ணெய் தாங்காது. ஒரே வண்டியில் நாலடி தூரத்தில் இருக்கிற இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம். இதை நைனா எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. “இது வேற, அது வேற” என்று மட்டும் சொல்வார். ஏன் வேறு என்பதை நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு படித்தேன்.

வண்டியை ராயப்பேட்டை ஹைரோடில் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து குழி மேல் நிறுத்தினோம். எண்ணெயைச் சூட்டில்தான் வடிக்க வேண்டும், அழுக்கு மிதந்துகொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிடும். மண்ணெண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டிச் செய்த தட்டை வைத்து, அடியில் ட்ரெயின் நட்டைக் கழற்றினார் நைனா. கறுத்த கயிறு போல எண்ணெய் இறங்கியது. கடைசிச் சொட்டு விழுந்து முடிக்க அரை மணி ஆனது. அதுவரை குழியை விட்டு அவர் மேலே ஏறவில்லை. பிறகு தட்டில் விரலைத் தோய்த்து என் உள்ளங்கையில் தடவி, வெயிலில் காட்டச் சொன்னார்.

தங்கம். கையின் ரேகைகளுக்குள் தங்கத் தூள் மின்னியது. ஒரு கணம் நிஜமாகவே தங்கம் என்றுதான் நினைத்தேன். நைனா முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “வளையம் தேயுது,” என்றார். அந்தத் தூள் அன்று ராத்திரி சோறு பிசையும்போதும் நகக்கண்ணில் மின்னியது. அம்மா திட்டினாள்.

புது எண்ணெய் ஊற்றும் வேலையும் எனக்கே வந்தது. ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பிடிக்கும். புனலில் ரப்பர் குழாயை மாட்டி, அந்தச் சின்ன ஓட்டைக்குள் விட்டு, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் புனல் நிரம்பிக் கம்பளத்தில் வழிந்துவிடும். ஊற்றிவிட்டு, எண்ணெய் அடங்கும்வரை கால் மணி காத்திருந்து, கம்பியைத் துடைத்து, முழுக்க உள்ளே அழுத்தி, உருவிப் பார்க்க வேண்டும். புது எண்ணெய்க்கு நிறம் அதிகம் இருக்காது. கம்பியில் அது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நைனா அதற்கும் ஒரு வழி காட்டினார். கம்பியைப் படுக்கை வாட்டில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராக மெல்லத் திருப்பினால் ஓர் இடத்தில் பளபளப்பு நின்று, வறண்ட இரும்பு தொடங்கும். அதுதான் மட்டம். கம்பியை நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் எண்ணெய் இறங்கிக் கோடு பொய்யாகிவிடும்.

“ஒரு தபா பாக்காத. துடைச்சுட்டு மறுக்கா பாரு. ரெண்டும் ஒண்ணா இருந்தா சொல்லு.”

முதல் தடவை உருவும்போது ஓட்டையின் ஓரத்தில் ஒட்டிய எண்ணெயும் கம்பியில் ஈஷிக்கொண்டு வரும். இரண்டாவது தடவைதான் நம்பலாம். நான் துடைத்து, அழுத்தி, உருவி, திருப்பி, “மேல் கோட்டுல நிக்குது நைனா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ரப்பர் மூடியை நீட்டினார். தான் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு அது என்னமோ செய்தது. அன்றுவரை ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாக இருந்தேன்.

மறுநாள் காலையில் இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது.

அடுத்த வருஷம் ஆரம்பத்தில் டாக்டர் எங்களைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்கு அந்த நாளில் பெருங்கூட்டம் போகும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை மெட்ராஸ்காரர்களுக்குக் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான். பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில்லை. போன வழிதான் நினைவிருக்கிறது. டாக்டர் ஓட்ட, நைனா பக்கத்தில் உட்கார, நான் நைனா மடியில். வலது கையை நடுத்திட்டின் மேல் வைத்துக்கொண்டேன். கம்பளத்துக்கு அடியிலிருந்து சூடு உள்ளங்கையில் ஏறியது. டாக்டர் கியர் மாற்றும்போதெல்லாம் முனகல் மாறியது. முதல் கியரில் அழுகை போல, இரண்டாவதில் ஹம்மென்று, நான்காவதில் சத்தமே இல்லாமல். முதல் கியருக்கு மட்டும் வளையம் கிடையாது. வண்டி முழுதாக நின்றால்தான் அது சத்தமில்லாமல் விழும். செங்குன்றம் தாண்டி ஒரு மாட்டு வண்டிக்காக நின்றபோது, டாக்டர் பொறுமையாக வண்டியை நிறுத்தி அப்புறம் முதல் கியர் போட்டார். நைனா மெல்ல என் காதில், “நல்லா ஓட்றாரு” என்றார். யாரைப் பற்றியும் அவர் லேசில் அப்படிச் சொல்லமாட்டார்.

நான் கை வைத்திருந்த இடத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அன்று திரும்பி வரும்போது கேட்டேன். கியர் பாக்ஸுக்குள் எண்ணெயை ஏற்ற பம்ப் எதுவும் கிடையாது. அடியில் ஒரு தண்டு, அதில் வரிசையாகப் பல்சக்கரங்கள். அதை லே ஷாஃப்ட் என்பார்கள். அந்தச் சக்கரங்கள் எண்ணெயில் முங்கி, சுற்றுகிற வேகத்தில் அதை வாரி மேலே இறைக்கும். மேலே இருக்கிற சக்கரங்களும் பேரிங்குகளும் அந்த மழையில் நனைந்துதான் உயிர்வாழ்கின்றன. நைனாவுக்குத் திருவள்ளூர் பக்கம் பிறந்த ஊர். அவர் சொன்னது இப்படி: “கமலையில மாடு தண்ணி இறைக்குது பாரு. கெணத்துல தண்ணி எறங்கிப் போனா சால் வெறுமனே வரும். ரொம்பினாலும் தப்பு. உள்ள அடிச்சு நொரையாயிடும். நொரை எதையும் நனைக்காது.” குறைந்தால் கெடுதல் என்பது எனக்குப் புரிந்தது. அதிகமானாலும் கெடுதல் என்பது அப்போது மனசில் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் பின்னால் வந்த விவகாரத்தில் இன்னும் சீக்கிரம் முழித்திருப்பேன்.

அரபு நாடுகளில் எண்ணெய் விலை ஏறியதால் இங்கே பெட்ரோல் விலையும் ஏறிப்போயிருந்த காலம் அது. டாக்டர் வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கத் தொடங்கினார். மற்ற நாளெல்லாம் வீட்டு போர்ட்டிகோவில் துணி மூடி நிற்கும். வாரா வாரம் எண்ணெய் பார்க்கும் வேலையை அவர் வீட்டு டிரைவர் அண்ணன் ஏற்றுக்கொண்டார். நிதானமான மனிதர். நைனா சொல்லிக்கொடுத்தபடி துடைத்து இரண்டு தடவை பார்ப்பார். குறைந்திருந்தால் சின்னக் குவளையில் அளந்து ஊற்றுவார்.

சில மாதங்களில் போர்ட்டிகோ தரையில் எண்ணெய்ச் சொட்டு விழ ஆரம்பித்தது. முதலில் நாலணா அகலம். பிறகு தோசை அகலம்.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் மணி போல ஒரு கூடு உண்டு, பெல் ஹவுசிங் என்பார்கள். கிளட்ச் அதற்குள்தான் இருக்கிறது. கூட்டின் அடியில் ஒரு துளை, துளையில் ஒரு காட்டர் பின் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது அந்தப் பின் ஆடி ஆடித் துளையை அடைக்காமல் காக்கும். உள்ளே கசிகிற எண்ணெய் கிளட்சில் படாமல் அந்தத் துளை வழியே வெளியேற வேண்டும் என்பதற்காக அபிங்டன்காரர்கள் செய்த ஏற்பாடு. கசியும் என்று தெரிந்தே செய்தார்கள். இன்ஜினின் பின்முனையிலும் கியர் பாக்ஸின் முன்முனையிலும் இந்தக் கால வண்டிகளில் இருப்பது போல ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுமரை ஒன்று, வெளியே வரப்பார்க்கும் எண்ணெயைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

சொட்டு அந்தக் காட்டர் பின்னிலிருந்துதான் விழுந்தது. நைனா ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் டாக்டர் வேறு இடத்தில் காட்டியிருக்கிறார். இன்ஜினின் பின்பக்கம் போய்விட்டது, இன்ஜினை இறக்கிக் கிராங்க் வரை பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் முகம் வாடி எங்களிடம் வந்தார்.

இன்ஜினா, கியர் பாக்ஸா? நான் சொட்டை விரலில் தொட்டு ஆவலோடு மோந்து பார்த்தேன். தொண்ணூறாக இருந்தால் வெங்காய வாடை காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது இரண்டிலும் அதே முப்பது. நாங்கள் சரியான எண்ணெயை ஊற்றியதால் மூக்கு உதவாமல் போயிற்று.

“கண்ணால பாக்க முடியாதுன்னா அளந்துதான் பாக்கணும்,” என்றார் நைனா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜின் கம்பி, கியர் பாக்ஸ் கம்பி இரண்டையும் என்னை எடுக்கச் சொன்னார். போர்ட்டிகோ தூணில் சாக்பீஸால் இரண்டு கம்பிகளின் அளவுக்கே இரண்டு கோடு போட்டு, எண்ணெய் நிற்கிற இடத்தில் குறுக்குக் கீறல் போட்டோம். வண்டிக்கு அடியில் ஒரு ‘தினத்தந்தி’ தாளை விரித்தோம். யாரும் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னார். அவர், “கியர் பாக்ஸ்ல கீழ்க் கோட்டுலதாங்க இருக்கு மேஸ்திரி, குறைஞ்சுடப் போவுது” என்று கவலைப்பட்டார்.

மூன்று ஞாயிறு. தூணில் இன்ஜின் கீறல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அதே இடத்தில். கியர் பாக்ஸ் கீறல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே. தினத்தந்தித் தாள் ஒவ்வொரு வாரமும் ஊறிப்போய், எழுத்துகள் மறுபக்கம் தெரிய, கண்ணாடி போல ஆகியிருந்தது. கசிவது கியர் பாக்ஸ்தான் என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் கீழ்க் கோட்டுக்கும் கீழே போய்விட்ட எண்ணெய், அந்தத் தண்டு உயரத்துக்கு ஏறி எப்படிக் கசிகிறது என்று நைனா குழம்பினார். ராத்திரி சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு டாக்டர் கடற்கரை வரை போய்வந்து, கேட்டைத் திறக்க ஆள் வராததால் தெருவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். அரை மணிக்கு மேல் நின்றது. சும்மா இருந்த நான், கம்பளத்தை விலக்கிக் கம்பியை எடுத்தேன். துடைத்து மறுபடி எடுத்தேன். கை நடுங்கியது. எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் மேலே நின்றது. கம்பியைச் சரியாக அழுத்தவில்லையோ என்று மூன்றாவது தடவையும் பார்த்தேன். அதே இடம்.

“நைனா, எண்ணெ ஏறிக்கீது.”

எண்ணெய் ஏறுமா என்று அவர் கேட்கவில்லை. தெருவுக்கு வந்து அந்த நெருக்கடிக்குள் தானே கையை விட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே போர்ட்டிகோவைத் திரும்பிப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி போர்ட்டிகோவைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு வரும்போது நைனா தோளில் கருவிப் பை. என் கையில் பெரியப்பாவின் ரசமட்டம். பெரியப்பா கொத்தனார். உயிரே போனாலும் யாருக்கும் ரசமட்டத்தை இரவல் தரமாட்டார். தம்பி கேட்டதால் தந்திருந்தார். வழுவழுவென்று தேய்ந்த தேக்குச் சட்டம், நடுவே பித்தளை பதித்த கண்ணாடிக் குழாய், அதில் நெல்லிக்காய் நிறத் திரவம், திரவத்தில் ஒரு குமிழி. வழியெல்லாம் அதைப் படுக்கை வாட்டில் ஏந்தி, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

போர்ட்டிகோவில் நின்ற வண்டியின் கதவைத் திறந்து, வாசற்படி போன்ற கீழ்ச்சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்தார் நைனா. குமிழி நிற்கவே இல்லை. பின் சக்கரத்தை நோக்கி விறுவிறுவென்று ஓடி, குழாயின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது.

மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத் தெருவை நோக்கிச் சரித்துக் கட்டிய தளம் அது. டாக்டர் அவசரத்துக்குக் கிளம்ப வசதியாக எப்போதும் பின்பக்கமாக உள்ளே விட்டு, தெருவைப் பார்த்து நிறுத்துவார். வண்டி மூக்கு தாழ்ந்து நின்றது. கியர் பாக்ஸ் எண்ணெய் முன்னால் போய்த் தேங்கியது. அளவுக் கம்பி இறங்குகிற இடமோ பின்னால். கம்பியில் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். டிரைவர் அண்ணன் துடைத்துத் துடைத்து, இரண்டு தடவை பார்த்து, குறைகிறதே என்று அளந்து அளந்து ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற முன்முனையில் திருகுமரை தாங்காமல் வெளியே தள்ளியிருக்கிறது. வெளியே வருவதைப் பார்த்து மேலும் ஊற்றியிருக்கிறார்.

டிரைவர் அண்ணன் முகம் கறுத்துப்போய் நின்றார். டாக்டர் அவர் பக்கம் திரும்புவதற்குள் நைனா சொன்னார்: “அவரு ஒழுங்காத்தான் சார் பாத்துக்கீறாரு. தரை சரியில்ல.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்புறம் வாதாம் மரத்தடியில் சிமெண்ட் போட்ட இடத்தில் நிறுத்தினோம். நான் கீழ்ச்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு, “கொஞ்சம் முன்னால, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லச் சொல்ல டாக்டரும் டிரைவர் அண்ணனும் தள்ளினார்கள். குமிழி நடுவில் வந்து நின்றது. ஜாக்கி போட்டால் மட்டம் மாறிவிடும் என்பதால் நைனா சாக்கை விரித்து மல்லாந்து, உடம்பைத் தட்டையாக்கி அடியில் நுழைந்தார். அந்த வண்டிக்கு அடியில் ஒரு மனிதர் நுழைவதென்றால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். எல்லா எண்ணெயையும் வடித்தார். பழைய துணியில் வடிகட்டி, உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பார்த்தார். தங்கத் தூள் இல்லை. அதே எண்ணெயைத் திரும்பவும் என்னை ஊற்றச் சொன்னார். மேல் கோட்டைத் தொட்டதும் நிறுத்தினேன். குவளையில் முக்கால் லிட்டர் மிச்சம் இருந்தது.

டாக்டர் அந்தக் குவளையை வாங்கி உள்ளே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்றிலிருந்து வண்டி வாதாம் மரத்தடிக்கு மாறியது. இன்ஜினை இறக்குகிற பேச்சு நின்றது. நைனா ஒரு புதுத் தினத்தந்தித் தாளை அடியில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார்.

எட்டு நாள் கழித்துப் போனோம். இந்த முறை கம்பியை எடுக்கும் முன்பு அடியில் கையை விட்டுத் தாளை இழுத்தேன். நடுவில் ஒரு சொட்டு, ஐந்து பைசா அகலம். அதைத் தவிரத் தாள் மொரமொரவென்று காய்ந்திருந்தது. வாதாம் இலை ஒன்று ஒட்டியிருந்தது. நைனா தாளை வாங்கி இலையைத் தட்டிவிட்டு, மரத்தடியில் குந்திக்கொண்டு, “இதுல இன்னாடா போட்டிருக்கான், படி” என்றார். போன வாரத்துச் செய்திகளை நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். சொட்டு விழுந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை மறைந்திருந்தது. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.